ரவேலின் 'மா மேர் ல்வா' பாலே: முதல்முறை கேட்பவர்களுக்கு முழு வழிகாட்டி

பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ரவேலின் இந்த இசையில் நடப்பது ரொம்ப எளிமையானது. ஒரு இளவரசி தூங்கிப்போகிறாள், தூக்கத்தில் கதைகள் கனவாக வருகின்றன, கடைசியில் விழிக்கிறாள். முழு பாலேயும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனாலும் நான் கேட்கச் சொன்னவர்களில் நிறையப் பேர் "நல்லாத்தான் இருக்கு, ஆனா கனவு எங்க வருது?" என்று திரும்பி வந்தார்கள். விசாரித்தால் இசையில் குறை இருக்காது, கேட்ட வரிசைதான் தப்பாக இருக்கும். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முக்கியத்துவம். ரவேலின் வாழ்க்கை வரலாறு எங்கேயும் கிடைக்கும், அதை இங்கே தேடாதீர்கள்.

## 1. எந்த வடிவம் என்று முதலில் பாருங்கள்

ஒரே பெயரில் மூன்று வடிவங்கள் இருக்கின்றன. 1910-இல் வெளிவந்த, ஒரே பியானோவில் இருவர் நான்கு கைகளால் வாசிக்கும் வடிவம், ஐந்து பகுதி. அதே ஐந்தையும் 1911-இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய தொகுப்பு வடிவம். அப்புறம் 1912 ஜனவரியில் பாரிஸில் மேடையேறிய பாலே. இதில் முன்னால் ஒரு முன்னிசை, ஒரு ராட்டை நடனம், பகுதிகளுக்கு நடுவே சின்னச் சின்ன இணைப்பிசைகள் எல்லாம் கூடுதலாக இருக்கும்.

கனவு வேண்டும் என்றால் பாலேதான். தொகுப்பு வடிவத்தில் ஐந்து கதைகள் அடுத்தடுத்து நிற்கும், அவ்வளவுதான். யார் தூங்கினார்கள், யாருக்குக் கனவு வருகிறது என்பதற்கு அங்கே இடமே இல்லை.

தேடும்போது ஏமாறாமல் இருக்க இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மொத்த நேரம் 16, 17 நிமிடம் என்றால் அது தொகுப்பு. 28 நிமிடத்தை ஒட்டி இருந்தால் பாலே. முதல் டிராக் 'பாவான்' (மெதுவான பழைய அரசவை நடனம்) என்று தொடங்கினால் தொகுப்பு, 'பிரெலூட்' (அதுதான் அந்த முன்னிசை) என்று தொடங்கினால் பாலே. ஆல்பம் அட்டையை நம்ப வேண்டாம், பல அட்டைகளில் வெறும் பெயர் மட்டும்தான் இருக்கும்.

இன்னொன்று, இரண்டிலும் பகுதிகளின் வரிசையே வேறு. தொகுப்பில் 'அழகியும் விலங்கும்' நான்காவதாக வரும். பாலேயில் அதை முன்னால் இழுத்து, பாவானுக்கு அடுத்தபடியாக வைத்துவிட்டார் ரவேல். ஒன்றைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றின் குறிப்பைப் படித்தால் கட்டைவிரல் பையனின் இடத்தில் அழகி வந்து நிற்பாள். ஆரம்பக் குழப்பங்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

## 2. கையில் இருக்க வேண்டியவை

ஹெட்போன், இல்லாவிட்டால் கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர். இது ஆடம்பரத்துக்குச் சொல்வதில்லை. 'அழகியும் விலங்கும்' பகுதியில் விலங்குக்காகப் பேசுவது கான்ட்ராபஸூன், ஆர்கெஸ்ட்ராவிலேயே மிகத் தாழ்ந்த குரல்களில் ஒன்று. போன் ஸ்பீக்கரில் அந்த ஆழம் வராது. அழகி மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பது போலக் கேட்கும், நீங்களும் "என்ன உரையாடல் இது, ஒரு ஆள்தானே பேசுறாங்க" என்று நினைப்பீர்கள்.

செயலியில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் கலந்து ஒலிக்கிற கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் ஓடும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பாலேயில் ஒரு கனவிலிருந்து அடுத்ததற்கு இசை நிற்காமலே நழுவும். அந்த இடத்தில் அரை நொடி மௌனம் விழுந்தாலும் தூக்கம் கலைந்த மாதிரி ஆகிவிடும்.

ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் சுரங்களும் எழுதிய பிரதி, வேண்டும் என்றால் இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஐஎம்எஸ்எல்பி என்கிற இசைப்பிரதித் தளத்தில் கிடைக்கிறது. திறக்க மட்டும் வேண்டாம். அதற்கு 7-ஆம் படி வரை நேரம் இருக்கிறது.

## 3. கதைகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள்

"இசையை இசையாகக் கேட்டால் போதாதா, கதை எதற்கு" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். மற்றப் படைப்புகளுக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே ரவேல் தானே பல பகுதிகளின் தலையில் கதையிலிருந்து வரிகளை எடுத்து அச்சிட்டிருக்கிறார், பாலேயின் கதையமைப்பையும் அவரே எழுதினார். ஆகவே கதை தெரியாமல் போவது பாதி ஸ்கோரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவது.

தெரிய வேண்டியது இவ்வளவுதான்:

தூங்கும் அழகி, பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் 1697-ஆம் வருடத்துக் கதைகளில் வருபவள். பாலேயில் அவள் பெயர் ஃப்ளோரின். ராட்டையில் தடுக்கி விழுந்து, கதிர் குத்தி, சாபம் பலிக்கிறது. ராட்டை சுற்றிக்கொண்டிருந்த கிழவிதான் நல்ல தேவதை என்பது பிறகு தெரியவரும். தூங்குபவளுக்கு நல்ல கனவுகள் வர வழிசெய்வதும் அவள்தான்.

அழகியும் விலங்கும், மதாம் லெப்ரான்ஸ் த போமோன் எழுதிய வடிவத்திலிருந்து.

கட்டைவிரல் பையன், இதுவும் பெரோவுடையது. காட்டில் வழி தெரிவதற்காக ரொட்டித் துணுக்குகளைப் போட்டுக்கொண்டே போகிறான். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை, பறவைகள் தின்றுவிட்டன.

லெத்ரோனெத், மதாம் தோல்னுவாவின் 'பச்சைப் பாம்பு' கதையில் வருபவள். சாபத்தால் அழகை இழந்த இளவரசி. அவள் குளிக்க இறங்கியதும் பகோடா மக்கள் என்கிற குட்டி உருவங்கள் பாடவும் வாசிக்கவும் ஆரம்பிக்கின்றன. வாத்தியங்கள் எல்லாம் வால்நட் ஓட்டிலும் பாதாம் ஓட்டிலும் செய்தவை. இந்த ஓட்டு விவரத்தை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

## 4. முதல் முறை: நிறுத்தாமல், ஒன்றும் படிக்காமல்

ஒலியளவை முன்னிசையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லோரும் செய்வது இதுதான்: ஆரம்பம் காதில் விழவில்லை என்று ஏற்றிவிடுவார்கள், கடைசி இரண்டு நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றி எறிவார்கள். கடைசி டிராக்கின் கடைசி முப்பது நொடியைப் போட்டு, அது தாங்கக்கூடியதாக இருக்கும் அளவில் வைத்துவிட்டு முதலுக்குப் போங்கள். அப்படிச் செய்தால் முன்னிசை மிக மெல்லத்தான் கேட்கும். அப்படியே இருக்கட்டும், அது தூரத்திலிருந்து வர வேண்டிய இசை.

அப்புறம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். இப்போது எங்கே இருக்கிறோம் என்று டிராக் பெயரைக்கூடப் பார்க்க வேண்டாம். கதைகள் தெரியும் என்பதால் எது எந்தக் கனவு என்று நீங்களே யூகிப்பீர்கள், சில யூகம் தப்பும். அந்தத் தப்பு நல்லதுதான். எந்த இடத்தில் எந்த வாத்தியம் உங்களை ஏமாற்றியது என்பது மனதில் நின்றுவிடும், இரண்டாம் முறை காது நேராக அங்கே போகும்.

## 5. பாவானைத் தனியாக எடுங்கள்

பாவான் 20 பார்தான் (பார் என்பது ஸ்கோரில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டம்), இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறையவோ கூடவோ. மெதுவாக, பெரும்பாலும் தணிந்தே போகும். தொகுப்பு வடிவத்தில் இதுவே முதல் பகுதி என்பதால் "ஒண்ணுமே நடக்கலையே" என்று இங்கேயே விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலேயில் அதே 20 பார் வேறு வேலை செய்கிறது. அதற்கு முன்னால் ராட்டை நடனம் ஓடோ ஓடென்று ஓடியிருக்கும், விழுந்திருப்பாள், ஆட்கள் ஓடிவந்திருப்பார்கள், எழுப்பிப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிறகு இந்த மெதுவான நடை வந்தால் அது அவளைப் படுக்க வைக்கிற சடங்கு என்று யாரும் சொல்லாமலே விளங்கும்.

அதனால் இந்தப் படியில் ராட்டை நடனத்தின் பின்பாதியிலிருந்து பாவானின் கடைசி வரை மட்டும் இரண்டு மூன்று தடவை கேளுங்கள். முதலில் புல்லாங்குழலை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த தடவை புல்லாங்குழலை விட்டுவிட்டு அதற்குக் கீழே நடப்பதை.

இங்கேதான் நான்கு கை பியானோ வடிவத்தையும் ஒருமுறை கேட்க வேண்டும். ரவேல் அதைக் கொதெப்ஸ்கி வீட்டுக் குழந்தைகள் இருவருக்காக எழுதினார், சின்னக் கைகளுக்கு எட்ட வேண்டும் என்பதால் சுரங்கள் குறைவு, எலும்பு அப்படியே தெரியும். பியானோவில் பாவானைக் கேட்டுவிட்டு உடனே ஆர்கெஸ்ட்ராவில் கேட்டால், ரவேல் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை, நிறத்தை மட்டும் பிரித்துக் கொடுத்திருக்கிறார் என்பது தெரியும். மற்ற நான்கு பகுதிகளுக்கும் இதே ஒப்பீட்டைச் செய்யலாம். ஆனால் ராட்டை நடனத்தை நான்கு கை வடிவத்தில் தேடி அலையாதீர்கள், அது பாலேக்காகப் பிறகு எழுதியது.

## 6. கனவுகளை ஒவ்வொன்றாக

ஒரே உட்காரலில் மூன்றையும் அலச வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று போதும். ஒவ்வொன்றிலும் காதுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தால் எதுவும் நிற்காது.

அழகியும் விலங்கும். மிதமான வால்ட்ஸ், மூன்று எண்ணிக்கை. கிளாரினெட் அழகி, கான்ட்ராபஸூன் விலங்கு. ஸ்கோரின் தலையில் இவர்களின் உரையாடலே அச்சாகி இருக்கிறது: உங்கள் நல்ல மனதை நினைக்கும்போது நீங்கள் அவ்வளவு விகாரமாகத் தெரியவில்லை என்கிறாள் அவள். முதலில் இருவரும் மாறி மாறிப் பேசுவார்கள். பிறகு இரண்டு மெட்டும் ஒரே நேரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. இங்கே உங்கள் வேலை அழகியை விட்டுவிட்டு விலங்கை மட்டும் பிடித்துக்கொண்டே போவது. கிளாரினெட் இனிமையானது, அதுவே காதை இழுக்கும், பிடிவாதமாகக் கீழேயே இருங்கள். ஏன் என்றால் உச்சத்துக்குப் பிறகு எல்லாம் சட்டென்று நின்று, ஹார்ப் ஒரு வழுக்கலாக ஏறி, அதன்பின் மிக உயரத்தில் ஒற்றை வயலின் ஒரு மெட்டை வாசிக்கும். அது புது மெட்டு என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இல்லை, கான்ட்ராபஸூன் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்த அதே மெட்டு. சாபம் போய் இளவரசனாகிவிட்டான். கீழே இருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த இடம் பிடிபடும்.

கட்டைவிரல் பையன். நம் ஊர்க் காது இங்கே தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடும், போட்ட சூட்டில் தடுமாறும். 2/4, 3/4, 4/4, 5/4 என்று அளவு மாறிக்கொண்டே இருக்கும், சமம் எங்கே விழும் என்று கணக்குப் போட்டால் தோற்றுப்போவீர்கள். தாளத்தை விட்டுவிட்டு வயலின்களின் சமமான நடையை மட்டும் பிடியுங்கள். அது தடுமாறவே தடுமாறாது, ஏறும், திரும்பும், இன்னும் கொஞ்சம் நீளமாக ஏறும், மறுபடி திரும்பும். பையன் வழி தேடிக்கொண்டிருக்கிறான். கால் ஒழுங்காகத்தான் நடக்கிறது, பாதைதான் சரியில்லை. அதற்கு மேல் ஓபோவில் ஒரு ஏக்கமான மெட்டு வரும். நடுப்பகுதி தாண்டியதும் பறவைகள். தனி வயலின் நரம்பின் மேல் லேசாகத் தொட்டு வழுக்கிக் கீச்சிடும், கூடவே புல்லாங்குழலும் பிக்கலோ என்கிற குட்டிப் புல்லாங்குழலும். சில நொடிதான், கவனம் சிதறினால் போய்விடும். ரொட்டித் துணுக்குகளும் அப்படித்தானே போயின.

லெத்ரோனெத். மூன்றிலும் உடனே பிடித்துப்போவது இதுதான், அதனாலேயே மேலோட்டமாகக் கேட்டு விட்டுவிடுவதும் இதைத்தான். பிக்கலோ வாசிக்கும் மெட்டு பியானோவின் கருப்புக் கட்டைகளிலேயே அமைந்தது, ஐந்தே சுரம். எஃப் ஷார்ப்பை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் மோகனத்தின் சுரங்கள். இதைச் சொன்னால் நம்மவர்கள் உற்சாகமாகி மோகனத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள், அங்கேதான் வழி தவறுகிறது. சுரம் அதுவே, ராகம் அது இல்லை. கமகம் இல்லை, பிடிகள் இல்லை. அன்றைய பாரிஸ் கற்பனை செய்துவைத்திருந்த கிழக்கு இது. சுர ஒற்றுமையைக் காதுக்கு ஒரு கைப்பிடியாக மட்டும் வைத்துக்கொண்டு வாத்தியங்களுக்குப் போங்கள்: ஸைலோஃபோன், செலஸ்டா (மணி மாதிரி ஒலிக்கும் கீபோர்டு), ஹார்ப், பிக்கலோ. எல்லாம் சின்னச் சின்ன, உலர்ந்த, கடினமான ஒலிகள். வால்நட் ஓடும் பாதாம் ஓடும் என்று சொன்னேனே, அது இங்கே. நடுவில் நீண்ட சுரங்களில் ஒரு பகுதி வரும், டாம்-டாம் என்கிற பெரிய காங் மெல்ல ஒலிக்கும். வேகம் குறைந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் அடியில் மார்ச் நடை விடாமல் போய்க்கொண்டிருக்கும். அதையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

## 7. இப்போது ஸ்கோர்

காதுக்கு விஷயம் பழகிய பிறகு ஸ்கோரைத் திறக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதலிலேயே திறந்தால் கண் முந்திக்கொள்ளும், பக்கம் தவறாமல் திருப்பிவிட்டோம் என்பதையே கேட்டுவிட்டோம் என்று எடுத்துக்கொள்வோம்.

பாலே ஸ்கோர்தானா என்று மறுபடி பாருங்கள், தொகுப்பின் ஸ்கோரும் அதே பெயரில்தான் இருக்கும். முதல் பக்கத்தில் வாத்தியப் பட்டியலைப் பாருங்கள்: டிரம்பெட் இல்லை, டிராம்போன் இல்லை, ஹார்ன் இரண்டே இரண்டு. இவ்வளவு சிறிய குழுவா என்று தோன்றும்.

கொஞ்சம் சுரம் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் மாட்டுவார்கள். எழுதியிருக்கும் சுரம் ஒன்று, காதில் விழுவது இன்னொன்று. கான்ட்ராபஸூன் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். பிக்கலோவும் செலஸ்டாவும் ஒரு ஸ்தாயி மேலே. எஃப் ஹார்னும் கோர் ஆங்கிலேவும் (ஓபோவின் தாழ்ந்த வகை) எழுதியதைவிடப் பஞ்சமம் கீழே. கிளாரினெட்டுக்கு எந்த சுருதி என்று இடது ஓரத்தில் குறித்திருக்கும். கீபோர்டை வைத்துச் சரிபார்ப்பவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவு தப்பா, ஸ்கோர் தப்பா என்று ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

முழுப் பக்கத்தையும் படிக்க முயலாதீர்கள். 'அழகியும் விலங்கும்' பகுதியில் கான்ட்ராபஸூன் வரியில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு போங்கள், அது போதும்.

## 8. இணைப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள்

இணைப்பிசைகள் பல பதிவுகளில் தனி டிராக்காக இருக்கும், ஒரு நிமிடமோ அதைவிடக் குறைவோ. "இது சும்மா இடைவெளிதானே" என்று தாண்டிவிடுகிறார்கள். ஒரு கனவு கலைந்து அடுத்தது உருவாவது அங்கேதான் நடக்கிறது. கிடைத்த துண்டுகளை அசைபோட்டுக்கொண்டே இசை வேறு இடத்துக்கு நகரும்.

ஒவ்வொரு இணைப்பையும் முந்திய பகுதியின் கடைசி அரை நிமிடத்தோடும் அடுத்த பகுதியின் முதல் அரை நிமிடத்தோடும் சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் ஒன்றும் புரியாது.

முன்னிசையையும் இப்போதுதான் திரும்பக் கேட்க வேண்டும். முதல் தடவை வெறும் மூட்டமாக இருந்தது, இப்போது தூரத்து ஹார்ன் அழைப்பு, பறவைச் சத்தம், பின்னால் வரப்போகிற மெட்டுகளின் துண்டுகள் எல்லாம் அடையாளம் தெரியும். ஹார்ன் அழைப்பை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## 9. தேவதைத் தோட்டம், கடைசியாக

பாலேயின் கடைசிப் பகுதி இது. முதல் முறை முழுதாகக் கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு இந்தப் பகுதியை இதுவரை தொடாமல் வைத்திருக்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அழகாக இருக்கிறது என்று தனியாக எடுத்து, வேலை செய்துகொண்டே, சமைத்துக்கொண்டே திரும்பத் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். பிறகு முழு பாலேயில் அது வரும்போது ஒன்றும் ஆவதில்லை. இருபது நிமிடத்துக்கும் மேலாகத் தணிவாகவே கேட்டுக்கொண்டிருந்த காதுக்குத்தான் அந்த முடிவு பெரிதாகத் தெரியும். தனியாகக் கேட்டால் அது நன்றாகச் சத்தம் போடும் ஒரு முடிவு, அவ்வளவே.

தந்திக் கருவிகள் மட்டும் மிக மெதுவாகத் தொடங்கும், சி மேஜர், மூன்று எண்ணிக்கை. பொழுது விடிகிறது, இளவரசன் வருகிறான். நடுவில் ஒற்றை வயலின், கூட செலஸ்டாவும் ஹார்ப்பும், அதுதான் அவள் கண் திறக்கும் இடமாக எனக்குப் படுகிறது. பிறகு படிப்படியாக ஏற்றம். இங்கே உங்கள் வேலை, சத்தம் எப்போது கூடியது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பது. கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு நிதானமாக ஏற்றியிருக்கிறார். கடைசியில் ஹார்ன் முழக்கம், டிம்பனி, ஹார்ப் வழுக்கல்கள், மணி ஒலிகள். டிரம்பெட்டே இல்லாத குழு இது என்பதை அப்போது நினைத்துப் பாருங்கள். முன்னிசையில் தூரத்தில் கேட்ட அழைப்பு இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறது.

## 10. இரண்டாவது பதிவு

ஒரு பதிவு நன்றாகப் பழகும் வரை இன்னொன்றைத் தொட வேண்டாம். ஆரம்பத்திலேயே நாலு பதிவுகளை அடுக்கி ஒப்பிடுபவர்கள் வேகத்தைத் தவிர வேறு எதையும் கவனிப்பதில்லை.

முழு பாலேக்கு பியர் மோந்து லண்டன் சிம்பொனியுடன் செய்தது, ஜான் மார்டினோன் பாரிஸ் ஆர்கெஸ்ட்ராவுடன் செய்தது, பியர் பூலேஸ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் செய்தது, இந்த மூன்று நடத்துநர்களின் பதிவுகளில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எனக்கு மோந்துதான் முதலில். ஒலிப்பதிவு 1960-கள், ஆனாலும் நடை ஒருபோதும் தூங்கிவழியாது. வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டும் என்றால் பூலேஸ் வசதி.

இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது முழுதாக ஓட்ட வேண்டாம், மூன்று இடம் போதும். பாவானை எவ்வளவு மெதுவாக எடுக்கிறார்கள், கான்ட்ராபஸூன் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, தோட்டத்தில் ஏற்றத்தை எங்கே தொடங்குகிறார்கள். மூன்றாவதில் அவசரப்பட்டு சீக்கிரமே சத்தத்தை ஏற்றிவிடுகிற பதிவாக இருந்தால், மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அதைத் திரும்பப் போடுவதில்லை.